ஓசையில்லாத செலவு

பகலில் எரியும் விளக்கைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் பொறுப்பதில்லை. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் எழுந்து சென்று நிறுத்துகிறார்கள். குழாயில் நீர் சொட்டினால் உடனே திருகி அடைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற வீணைத் தடுப்பதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். ஆயினும், அதே அறையின் மூலையில் சிறு செந்நிற ஒளியோடு அமைதியாக வீற்றிருக்கும் ஒலிக்கருவியை எவரும் கவனிப்பதில்லை. பாட்டு நின்றுவிட்டது, ஆகவே கருவியும் நின்றுவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். நின்றது ஒலியேயன்றி மின்னோட்டம் அன்று. அந்த மின்னோட்டம் ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு செலவை உண்டாக்குகிறது, அஃது எதனால் நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை எளிய கணக்குகளோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் ஒலிக்கருவி

வால்வு வானொலிப் பெட்டி தெருவுக்கு ஒன்றிரண்டாக இருந்த காலம் உண்டு. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றித் திரும்பியோர் டூ-இன்-ஒன்களையும் ஸ்டீரியோப் பெட்டிகளையும் கொண்டுவந்தனர். கிராஅத்தும் பயானும் இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் பாடல்களும் இல்லந்தோறும் ஒலித்தன. இன்றோ ஹோம் தியேட்டர், சவுண்ட்பார், புளூடூத் ஸ்பீக்கர் எனப் பெயர்கள் பெருகிவிட்டன. ஆயினும், பழைய பெட்டிகள் பல இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவையாகிறது. ஒலிபெருக்கி என்றால் ஒலியை வெளியிடும் ஸ்பீக்கரையே பலரும் நினைக்கின்றனர். நாம் பேசவிருப்பது, ஸ்பீக்கருக்கு வலுவூட்டும் பெட்டியைப் பற்றி. ஆதலின், குழப்பம் நேராதிருக்க, 'ஆம்ப்ளிஃபயர்' என்னும் வழக்குச் சொல்லையே ஈண்டு ஆளுகிறோம்.

மூன்று நிலைகள்

மின் இணைப்பில் உள்ள ஒலிக்கருவி மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும். முதலாவது, ஒலிக்கும் நிலை. இரண்டாவது, ஒலியின்றி விழித்திருக்கும் நிலை. அஃதாவது, பாட்டு முடிந்தபின்னும் ஆம்ப்ளிஃபயர் அணைக்கப்படாமல் இருப்பது. மூன்றாவது, காத்திருப்பு நிலை. ரிமோட்டால் அணைத்தபின், அடுத்த கட்டளையை எதிர்நோக்கிக் கருவியின் ஒரு பகுதி மட்டும் விழித்திருப்பது. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் இம்மூன்றும் இல்லை, செலவும் இல்லை.

இம்மூன்றனுள் முதல் நிலையே மிகுந்த மின்சாரத்தைக் கொள்ளும் என்பது பலரது எண்ணம். உண்மை வேறாக இருக்கிறது. ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் மின்திறன் தந்தால், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 85 முதல் 90 டெசிபல் அளவுக்கு ஒலி எழும். இருவர் இயல்பாக உரையாடும் ஒலியின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல்தான். எனவே, ஒரு வீட்டு அறையில் அமர்ந்து கேட்பதற்கு, சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவான திறனே ஸ்பீக்கருக்குப் போதுமானது. ஆனால், அந்த ஒரு வாட்டைத் தருவதற்காக விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபயர், ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 30 அல்லது 40 வாட்டைக் கொள்கிறது. பால் பாத்திரத்தை இறக்கியபின்னும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்புக்கு இதனை ஒப்பிடலாம்.

காரணம் யாது?

ஆம்ப்ளிஃபயர்கள் அவை இயங்கும் முறையால் பல வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. 'ஏ' வகுப்பில், ஒலி வந்தாலும் வராவிட்டாலும் டிரான்சிஸ்டர்கள் வழியே முழு அளவு மின்னோட்டம் சென்றுகொண்டே இருக்கும். ஒலியில் பிசிறின்மைக்காக அவ்வாறு அமைக்கின்றனர். அதற்குரிய விலை வெப்பமாக வெளியேறுகிறது. வீடுகளில் பல்லாண்டுகளாக வழங்கிவருவது 'ஏபி' வகுப்பு. இதில் ஓய்வு மின்னோட்டம் குறைவு, எனினும் அற்றுப்போவதில்லை. பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் விழித்த நிலையிலேயே 40 முதல் 80 வாட் வரை கொள்வது இயல்பு. அண்மைக் காலத்தில் பரவிய 'டி' வகுப்பு, மின்னோட்டத்தை மிக விரைவாக விட்டுவிட்டு அனுப்பி இயங்குவதால், ஓய்வில் சில வாட்டுகளோடு நின்றுவிடுகிறது.

வால்வு ஆம்ப்ளிஃபயரை விரும்புவோர் இன்றும் உளர். அவ்வகையில் பெரிதும் பயன்படும் 'இஎல்34' என்னும் வால்வின் உள்ளிருக்கும் சூடேற்றி மட்டுமே 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் கொள்கிறது. நான்கு வால்வுகள் இருப்பின், சூடேற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 38 வாட் ஆகிறது. வால்வின் ஆயுளும் எரியும் மணிக்கணக்கால் அளக்கப்படுவது. வீணே எரிய விடுவது இரட்டை இழப்பாகும்.

இனி, காத்திருப்பு நிலையைக் காண்போம். பழைய பெட்டிகளில் இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி இருக்கும். பல கருவிகளில் முகப்பிலுள்ள பொத்தான், மின்மாற்றிக்கு அப்பாலுள்ள சுற்றையே துண்டிக்கிறது. மின்மாற்றி எப்போதும் இணைப்பிலேயே இருக்கும். அணைத்த பெட்டியின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு தெரிவது இதனால்தான். ஒளிரும் கடிகாரம் உள்ள 1990களின் மினி ஹை-ஃபை பெட்டிகள், அணைந்த நிலையிலும் 5 முதல் 10 வாட் வரை கொள்வது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் கருவிக்கென வைத்திருக்கும் தனி மின்மாற்றிக்கும் இது பொருந்தும். கருவியை அணைத்தாலும் அது உண்டுகொண்டே இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம்

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். ஒரே ஒரு வாட் ஓராண்டு முழுதும் இடைவிடாது ஓடினால் 8.76 யூனிட். இந்த ஓர் எண்ணை நினைவிற்கொண்டால் எஞ்சிய கணக்கெல்லாம் எளிதாகும்.

விழித்த நிலையில் 40 வாட் கொள்ளும் ஆம்ப்ளிஃபயரை ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 2 மணி நேரம் கேட்டுவிட்டு அணைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 யூனிட் ஆகும். அணைக்காமலே விட்டால் 350 யூனிட். கேட்டதற்கு 29, கேளாததற்கு 321! யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் எனக் கொண்டால், வீணாவது ஆண்டுக்கு 1,600 ரூபாய்க்கு மேல். காத்திருப்பு நிலையில் 8 வாட் கொள்ளும் பழைய பெட்டியானால், நாளுக்கு 22 மணி நேரக் காத்திருப்பில் ஆண்டுக்கு 64 யூனிட், அஃதாவது 320 ரூபாய். அரை வாட் மட்டும் கொள்ளும் புதிய கருவியானால் 4 யூனிட், 20 ரூபாய்.

இக்கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. புதிய கருவியின் சிவப்பு விளக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, பாட்டு முடிந்தபின்னும் அணைக்கப்படாத ஆம்ப்ளிஃபயரையும் பழைய மின்மாற்றியையுமே.

படிமுறைக் கட்டணத்தின் பாடம்

தமிழகத்தில் வீட்டு மின் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, படிமுறையில் கணக்கிடப்பட்டுவருவதை அறிவோம். பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். எனவே, வீணாகும் யூனிட்டுகள் சராசரி விலையில் அல்ல, மேற்படியின் விலையில் விழுகின்றன.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரு மாதங்களில் 480 யூனிட் பயன்படுத்திய குடும்பத்திற்கு, முதல் 100 விலையின்றியும், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய் வீதமும், அடுத்த 200 யூனிட் 4.50 வீதமும், எஞ்சிய 80 யூனிட் 6 ரூபாய் வீதமும் ஆக 1,605 ரூபாய் வரும். இக்குடும்பம் நாம் மேலே கண்ட 40 வாட் ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் விட்டால், 60 நாளில் 53 யூனிட் கூடி 533 ஆகிவிடும். 500ஐத் தாண்டியதும் 2.25 ரூபாய்ப் படியே மறைந்து, அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் ஆகிறது; 500க்கு மேற்பட்டவற்றுக்கு 8 ரூபாய். மொத்தம் 2,214 ரூபாய். கூடுதல் 609 ரூபாய். அந்த 53 யூனிட்டின் உண்மை விலை, யூனிட் ஒன்றுக்கு 11 ரூபாய்க்கும் மேல்! விகிதங்கள் அதன்பின் மாறியுள்ளன. எனினும், எல்லைக் கோட்டின் அருகே நிற்கும் குடும்பத்தைச் சிறு வீணும் மேற்படிக்குத் தள்ளிவிடும் என்னும் பாடம் மாறாதது.

உலகம் கண்ட வழி

இவ்விழப்பை ஆராய்ந்தோருள் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் குறிப்பிடத்தக்கவர். காத்திருப்பு நிலையில் எக்கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது என்னும் 'ஒரு வாட் திட்டத்தை' 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை முன்வைத்தது. 2001 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அந்நாட்டு மைய அரசின் அலுவலகங்கள் அத்தகைய கருவிகளையே வாங்க முயல வேண்டுமென ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஒரு வாட் எனவும், 2013 முதல் அரை வாட் எனவும் வரம்பு விதித்தது. எழுத்தோ கடிகாரமோ ஒளிரும் கருவிகளுக்கு மட்டும் அதனினும் இருமடங்கு இடம் தந்தது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ், 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் செயலகம் தோன்றியது. நட்சத்திர முத்திரைத் திட்டம் அதன் பணியே.

ஆனால், சட்டம் புதிய கருவியைத் திருத்துமேயன்றி, நம் கூடத்தில் இருக்கும் பழைய பெட்டியைத் திருத்தாது. அதனைத் திருத்த வேண்டியது நம் கையே.

அளந்து அறியும் முறை

இதற்கென எக்கருவியும் வாங்க வேண்டியதில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு மின்னுவதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதும் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். 3200 என்பது பெருவழக்கு. குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர் உட்பட அனைத்தையும் நிறுத்திவிட்டு, ஒலிக்கருவியை மட்டும் ஒலியின்றி விழித்திருக்கச் செய்து, பத்து நிமிடம் எண்ணுக. வந்த எண்ணை ஆறால் பெருக்கி, 3200ஆல் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 21 முறை மின்னினால் ஏறத்தாழ 39 வாட். இரண்டு மூன்று வாட் போன்ற மிகச் சிறிய செலவு தனித்து இருக்கையில் மீட்டர் அதனைக் காட்டாமலும் போகலாம் என்பதை நினைவிற்கொள்க. மாணவர்கள் தத்தம் வீட்டில் இதனைச் செய்து பார்ப்பின், பாடநூலிலுள்ள வாய்பாடு உயிர் பெறும்.

சில தவறான எண்ணங்கள்

ஒலியளவைக் குறைத்துவிட்டால் செலவும் குறையும் என்பர். 'ஏ', 'ஏபி' வகுப்புகளில், வீட்டளவில் கேட்கையில் குறைவது சொற்பமே. அடிக்கடி அணைத்து ஏற்றினால் கருவி கெடும் என்பர். நாளுக்கு ஒருமுறை அணைப்பதால் கெடுவதில்லை. மாறாக, இடையறாத வெப்பமே உள்ளிருக்கும் மின்தேக்கிகளை உலர்த்தி அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. சூடேறினால்தான் ஒலி இனிக்கும் என்போர், கேட்பதற்கு அரை மணி நேரம் முன்னர் இயக்கினால் போதும். நாள் முழுதும் எரிய விட வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையில் வைத்திருப்போர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: ஆம்ப்ளிஃபயர் கக்கும் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி.யும் கூடுதலாக உழைக்கிறது.

செய்யத்தக்கவை

அமெரிக்க வீடுகளில் சுவர் பிளக்குகளுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் இருப்பதில்லை. நம் வீடுகளிலோ ஒவ்வொன்றின் அருகிலும் உண்டு. அதனைப் பயன்படுத்துவதே முதல் வழி. அணைக்கையில் ஆம்ப்ளிஃபயரை முதலிலும், பிற கருவிகளைப் பின்னரும் அணைக்க. இயக்கையில் ஆம்ப்ளிஃபயரை இறுதியில் இயக்குக. இதனால் ஸ்பீக்கரைத் தாக்கும் 'டொப்' என்னும் அதிர்ச்சி தவிர்க்கப்படும். ஒலி வராதபோது தானே உறங்கும் வசதி கருவியில் இருப்பின், அதனை நிறுத்தி வைக்கற்க. இடி மின்னலுள்ள பருவத்தில், பிளக்கையே கழற்றிவிடுவது பணத்தோடு கருவியையும் காக்கும். பள்ளிவாசல், மதரஸா, கல்லூரி அரங்கு ஆகியவற்றின் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் இவை பொருந்தும். வீட்டு வீண் ஒருவர் பணம். அங்கே நேரும் வீண் பலர் தந்த அமானிதம்.

நிறைவாக

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மேற்கண்ட 321 யூனிட் என்பது, எவரும் கேளாத ஒலிக்காக 200 கிலோவுக்கு மேல் வாயுவைக் காற்றில் கலப்பதாகும்.

இரவில் உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்தாலும் நீரை அளவோடு கையாளும் நெறியை இப்னு மாஜாத் தொகுப்புக் காட்டுகிறது. பொருள் நிறைந்திருப்பது வீணாக்குவதற்கு அனுமதியாகாது என்பதே இவற்றின் சாரம். வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி பெருகாதிருந்தால் தாழ்வில்லை என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தும் கருத்து. இரு நெறிகளும் சந்திக்கும் இடம், நம் வீட்டுச் சுவரிலுள்ள அந்தச் சிறு சுவிட்ச். இன்றிரவு உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைக்கும் கை, இன்னும் ஓரடி நீண்டு அதனையும் அணைக்கட்டும்.