செம்மணலில் கேமரா

மதிய வெயிலில் வானகரம் பைபாஸில் தூரத்து லாரிகளின் சக்கரங்கள் நெளிவதைப் பலரும் பார்த்திருப்போம். சுட்ட தாரை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்துவிடுகிறது. அதற்குள் புகும் ஒளி நேராக வராமல் வளைகிறது. பாலைவனத்தில் படம் எடுப்பவருக்கு முதல் எதிரி இந்தக் கானல்தான். அதை எதிர்கொள்ள ஜெய்சல்மர் வரை போகவேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு இருக்கிறது.

மழையளவைப் பார்த்தால் தேரி பாலைவனம் ஆகாது. ஆனால், திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரியில் ஏறி நின்றால் செம்மணல் மேடுகளும் இடையிடையே பனையும் உடைமரமும் முந்திரியும்தான். மணல் துகள்களின்மேல் பூச்சாகப் படிந்த ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு நீலத்தையும் பச்சையையும் பெருமளவு விழுங்கி, சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது.

கேமரா தடுமாறுவதும் இங்கேதான். தார் பாலைவனத்தின் வெளிர் மணலை கேமராவின் ஒளிமானி நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். அதனால் எக்ஸ்போஷரைக் கூட்டச் சொல்வார்கள். தேரியில் அதே யோசனை காலைவாரும். சிவப்பு மட்டும் உச்சம் தொட்டு, மணலின் நுணுக்கமெல்லாம் அழிந்து ஒரே திட்டாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் பார்த்து, எக்ஸ்போஷரைச் சற்றே குறைப்பது நல்லது. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால், கேமரா அந்தச் சிவப்பைக் குறையென்று நினைத்து வெளுக்கப் பார்க்கும். ‘டேலைட்’டில் வைத்துவிடலாம்.

மணல் அலைகளைக் காட்டுவது நிழல். சூரியன் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருக்கும்போது, 1 செ.மீ. உயர மணல்வரி 11 செ.மீ.க்கு மேல் நிழல் நீட்டும். உச்சிக்கு நெருங்கி 80 பாகையில் அதே நிழல் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. விடியற்காலையில் போனால் இரவில் ஊர்ந்தவற்றின் தடங்களும் காற்றில் கலையாமல் கிடைக்கும்; கானலும் இன்னும் கிளம்பியிருக்காது.

உயிரினங்களுக்குத் தரையோடு தரையாக இறங்க வேண்டும். மணலில் புனல்போல் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானைக்கு மேக்ரோ லென்ஸ் போதும். விசிறித்தொண்டை ஓணான் கதை வேறு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், சிறு மேட்டில் ஏறித் தொண்டைச் சவ்வை விசிறியாக விரித்து மடக்கும். ஆனால் அது நடமாடுவதே வெயில் ஏறிய பிறகுதான். நீண்ட டெலி லென்ஸை வைத்துக்கொண்டு தள்ளி நின்றால் இடையிலுள்ள சூடான காற்று முழுவதும் படத்தைக் குழப்பும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் இதற்கு மருந்தில்லை. வயிற்றால் ஊர்ந்து, மிரட்டாமல், தூரத்தைக் குறைப்பதே வழி.

காற்று வீசும்போது லென்ஸை மாற்றக் கூடாது. படிந்த மணலைத் துணியால் துடைக்கவும் கூடாது: குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது, கோடு போட்டுவிடும். ப்ளோவரால் ஊதித் தள்ளுங்கள்.

விசிறித்தொண்டை ஓணான்களில் ‘சிடானா மருதம்நெய்தல்’ என்ற இனம் அறிவியலுக்கு அறிமுகமானதே 2016இல்தான். எனவே தெளிவான ஒரு படத்தை, எடுத்த தேதியோடும் இடத்தோடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், எந்த இனம் எங்கே வாழ்கிறது என்ற கணக்கில் அதுவும் ஒரு சான்றாகச் சேரும்.