வேகம் பழகிய உடம்பு

மிஸ்டர் பீன் என்றதும் நம் எல்லோருக்கும் அந்தச் சின்ன மினி கார்தான் கண்முன் வரும். எலுமிச்சைப் பச்சை உடம்பு, கறுப்பு பானெட், கதவில் தொங்கும் பூட்டு. பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் சொந்த வாழ்க்கையில் ஓட்டிய கார் வேறு. 1997இல் அவர் புதிதாக ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். விலை ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்தில் உலகின் மிக வேகமான சாலைக் கார் அதுதான். 1998இல் ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் அது மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடியது. மொத்தமே 106 கார்கள்தான் செய்தார்கள்.

இவ்வளவு அபூர்வமான காரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போர்வை போர்த்தி ஷெட்டில் வைத்துவிடுவார்கள். அட்கின்சன் அப்படிச் செய்யவில்லை. சுமார் 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு முறை விபத்தும் ஆனது. 2011இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் மழை ஈரத்தில் வழுக்கி மரத்தில் மோதியபோது, கார்பன் ஃபைபர் கூடு அவரைக் காப்பாற்றியது. தோள்பட்டைக் காயத்தோடு தப்பினார். பழுது பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. செலவு 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. கடைசியில் 2015இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

லாபக் கணக்கு இருக்கட்டும். என் மனசில் நிற்கும் கேள்வி வேறு. 18 வருடம் அப்படி ஒரு காரை ஓட்டிய கைக்கும் காலுக்கும் அதற்குப் பிறகு எந்தக் கார் பிடிக்கும்? தான் உயிராக நேசித்த வேகமான வண்டியை விற்ற எல்லோருக்கும் வரும் கேள்வி இது. அதைவிட வேகமான ஒன்றைத் தேடுவதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் ஏன் தோற்றுப்போகிறது என்பதை நம் உடம்பே சொல்லும்.

வேகத்தை உணர நம் உடம்பில் உறுப்பே கிடையாது. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். நமக்குத் தெரிவதெல்லாம் வேகத்தின் மாற்றம், அதாவது முடுக்கம். அதை அறிவது காதின் உட்பகுதி. அங்கே உள்ள சின்னப் பைகளில் கூழ் போன்ற ஒரு படலத்தின் மேல் சுண்ணாம்புப் பரல்கள் பொடிப்பொடியாகப் பதிந்திருக்கின்றன. செவிக்கற்கள் என்பார்கள். கார் சட்டென்று முன்னே பாயும்போது பரல்கள் கொஞ்சம் பின்தங்குகின்றன. படலம் இழுபட, அடியில் உள்ள மயிர்ச்செல்கள் வளைகின்றன. மூளைக்குச் செய்தி போகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசையை அறிவதும் இதே பரல்கள்தான். திருப்பத்தின் சுழற்சியைச் சொல்ல மூன்று அரைவட்டக் குழல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார் தரும் சுகத்தில் பெரும்பங்கு பட்டாணி அளவுகூட இல்லாத இந்தச் சின்னப் பைகளில்தான் பிறக்கிறது.

சாதாரணக் கார் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பத்து வினாடி எடுத்தால், முதுகைத் தள்ளும் விசை புவியீர்ப்பில் கால்பங்கைவிடச் சற்று அதிகம். மெக்லாரன் எஃப்1 மணிக்கு 60 மைலை 3.2 வினாடியில் தொடும், கிட்டத்தட்ட 0.85 ஜி, அதாவது புவியீர்ப்பில் 0.85 பங்கு. டெஸ்லா மாடல் எஸ் பிளாய்ட் இரண்டு வினாடி சொச்சத்தில் தொட்டுவிடுகிறது. 1 ஜியைத் தாண்டிவிடும். அப்படியானால் அட்கின்சன் ஒரு டெஸ்லா வாங்கினால் மெக்லாரனை மறந்துவிட வேண்டுமே? அப்படி நடப்பதில்லை.

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டில் எடைகளை வைத்துச் செய்த சோதனைகளில் விடையின் பாதி இருக்கிறது. ஒரு கிலோ பையில் ஒரு பிடி வெங்காயம் போட்டால் கைக்குத் தெரியும். 25 கிலோ அரிசி மூட்டையில் அதே ஒரு பிடியைப் போட்டால் தெரியாது. ஏற்கெனவே இருப்பது எவ்வளவோ, அதில் ஒரு குறிப்பிட்ட விகிதம் கூடினால்தான் புலனுக்கு உறைக்கும். 100 குதிரைத்திறன் காரிலிருந்து 200க்கு மாறியவர் ஒவ்வொரு நாளும் அதை உணர்வார். 600லிருந்து 700க்குப் போனவர் தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறு பாதி மூளைக்குள் இருக்கிறது. 1990களில் ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க்கில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின், சாறு வந்தபோது அவை அசையவில்லை. மூளை கொண்டாடுவது எதிர்பார்ப்பை மீறிக் கிடைப்பதைத்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாயும் என்று தெரிந்துபோன காரில் பாய்ச்சல் வெறும் வழக்கமாகிவிடுகிறது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

இதைவிட வருத்தமான செய்தி 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உண்டு. பிலிப் பிரிக்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி அடித்த 22 பேரைப் பேட்டி கண்டார்கள். பரிசு கிடைக்காத அண்டை வீட்டாரைவிட அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு போன்ற அன்றாடச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் வேகமான காரை விற்றவர்களின் முகத்தில் நான் பார்ப்பதும் அதே வாட்டம். புதிதாக வாங்கிய நல்ல காரில் உட்கார்ந்து, “இதுல என்ன இருக்கு?” என்பார்கள்.

சரி, வேகம்தான் சலித்துவிடுகிறதே, பின் ஏன் மெக்லாரன் எஃப்1-ஐ ஓட்டியவர்கள் இன்றும் அதை நினைத்து உருகுகிறார்கள்? இங்கிலாந்தின் நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 112 கிலோமீட்டர். அந்தக் கார் முதல் கியரிலேயே அதற்குப் பக்கத்தில் போய்விடும். சட்டப்படி ஓட்டினால் அதன் உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் பயன்படாது. ஆக, அவர்கள் நேசித்தது 386ஐ அல்ல.

அந்தக் காரை வடிவமைத்த கார்டன் மரே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்து பிரபாம், மெக்லாரன் அணிகளுக்கு ஃபார்முலா 1 கார்கள் வரைந்தார். எஃப்1-ஐ வடிவமைக்கும்போது அவர் அளவுகோலாக வைத்தது ஃபெராரியை அல்ல, ஜப்பானின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை. மூன்று லிட்டர் இன்ஜின், 270 குதிரைத்திறன் சொச்சம், அலுமினிய உடல். என்எஸ்எக்ஸ் ஓட்டிப் பார்த்தபின் ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி எதுவும் தன் மனசில் அளவுகோலாக நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். தானே ஒன்றை வாங்கிச் சுமார் ஏழு ஆண்டுகள் ஓட்டவும் செய்தார். குதிரைத்திறனில் தன் படைப்பில் பாதிகூட இல்லாத கார் அது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கார் ஓட்டுநரோடு பேசும் விதத்தை.

அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது? ஸ்டீயரிங் சக்கரத்தில். கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். முன் சக்கரம் திரும்பும்போது அந்தச் சின்னப் பரப்பில் ரப்பர் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்கிறது. பரப்பின் முன்முனையில் முறுக்கு குறைவு, பின்முனையில் அதிகம். அதனால் பக்கவாட்டு விசை சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் போய் விழுகிறது. அந்தச் சில சென்டிமீட்டர் இடைவெளி நெம்புகோல் மாதிரி வேலைசெய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. நம் கைக்குத் தெரியும் ஸ்டீயரிங் கனத்தில் ஒரு முக்கியப் பங்கு அதுதான். வேகம் கூடக் கூடக் கனமும் கூடும். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது முதலில் வழுக்கத் தொடங்குவது பரப்பின் பின்பகுதி. உடனே நெம்புகோல் குட்டையாகிறது. பிடிப்பு இன்னும் மிச்சம் இருக்கும்போதே ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. “போதும், இதற்கு மேல் வேண்டாம்” என்று முன் டயர்கள் விரல்களிடம் சொல்லும் சேதி அது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு அந்த ஒரு கணம் போதும்.

மெக்லாரன் எஃப்1-இல் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பிரேக்குக்கு உதவி விசை கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. கையால் கியர் மாற்றும் ஆரம்ப கால என்எஸ்எக்ஸிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை. சேதி வடிகட்டப்படாமல் வந்தது. இன்றைய மின்சார பவர் ஸ்டீயரிங் நகரத்தில் கைவலியைப் போக்கும் நல்ல கருவி. ஆனால் அந்த நுட்பமான கன மாற்றத்தைப் பல கார்களில் அது விழுங்கிவிடுகிறது. 600 குதிரைத்திறன் இருந்தும் கை ஊமையாகக் கிடந்தால், ஓட்டுவதில் பாதி போய்விட்டது என்பேன்.

அப்படிக் கருவி இல்லாமலே கை தாங்க வேண்டுமானால் கார் கனமில்லாமல் இருக்க வேண்டும். எஃப்1-இன் எடை சுமார் 1,140 கிலோ. 2005இல் வந்த புகாட்டி வேய்ரான் 1,888 கிலோ. வளைவில் எடை என்ன செய்கிறது என்று பாருங்கள். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை நல்ல டயரோடு கடக்கக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை. டயரின் பிடிப்பு, வளைவின் ஆரம், புவியீர்ப்பு, அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்கில் எடையும் அடிபட்டுப்போகும். நிஜ டயரிலோ சுமை ஏற ஏறப் பிடிப்பு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. கனமான கார் நஷ்டப்படுகிறது, லேசான கார் ஜெயிக்கிறது. நம் ஊரில் ஆர்எக்ஸ்100 பைக்கை விற்றுவிட்டு வேறெதிலும் மனசு ஒட்டாதவர்களைக் கேளுங்கள். வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். ஆனால் நூறு கிலோ சொச்சம்தான் எடை.

காதுக்குள் இருக்கும் பரல்களுக்கும் இதுதான் விருந்து. நேர்ச்சாலையில் ஒரு பாய்ச்சல் மூன்று வினாடியில் முடிந்துவிடும். வளைந்து வளைந்து போகும் சாலையில் விசை இடமும் வலமுமாக மாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு வளைவும் முந்தையதைப் போல இருப்பதில்லை. எதிர்பார்ப்பு தீர்ந்துபோவதில்லை என்பதால் மூளை சலிப்பதுமில்லை.

1989 பிப்ரவரியில் என்எஸ்எக்ஸ் அறிமுகமான அதே சிகாகோ கார் கண்காட்சியில் இன்னொரு ஜப்பானியக் காரும் அறிமுகமானது. மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 115 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. குதிரையும் சவாரிக்காரனும் ஓருடல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற சொல்லை மனதில் வைத்து அதைச் செதுக்கினார்கள். 2016இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. மெக்லாரன் ஓட்டியவருக்கு இது இறக்கம் என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இதில் இரண்டாம் கியரை இன்ஜினின் எல்லையான ரெட்லைன் வரை இழுத்தாலும் உரிமம் பறிபோகும் வேகம் வராது. காரின் முழுத் திறமையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பயன்படுத்திவிடலாம்.

மரே தனக்கென்று எடுத்த முடிவும் இந்தப் பக்கம்தான். அவர் அன்றாடம் ஓட்டத் தேர்ந்தெடுத்தது பிரெஞ்சு ஆல்பீன் ஏ110. எடை சுமார் 1,100 கிலோ, 252 குதிரைத்திறன். எஃப்1-இன் வாரிசாக 2020இல் அவர் அறிமுகம் செய்த டி.50 காருக்குப் பயண சுகத்தில் அளவுகோலாக வைத்ததும் அதே ஆல்பீனைத்தான். டி.50-க்கு உச்ச வேகச் சாதனை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எஃப்1 அறிமுகமாகி 28 வருடம் கழித்து வந்த அந்தக் கார் அதைவிட நூறு கிலோவுக்கு மேல் லேசானது.

மின்சாரக் கார்? பேட்டரி மட்டுமே பல நூறு கிலோ. அட்கின்சன் மின் பொறியியல் படித்தவர், மின்சாரக் காரை ஆரம்பத்திலேயே வாங்கியவர். 2023 ஜூனில் கார்டியன் இதழில் எழுதிய கட்டுரையில், தான் ஏமாற்றப்பட்டதாக உணர்வதாகச் சொன்னார். மின்சாரக் காரைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் அதிகம் என்பது அவர் வாதம். தயாரிப்பைப் பொறுத்தவரை அது சரி; காரின் ஆயுள் முழுவதையும் கணக்கெடுத்தால் பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார்தான் வெகுவாகக் குறைவாகக் கக்குகிறது என்று பருவநிலை ஆய்வாளர்கள் உடனே எண்களோடு மறுத்தார்கள். அந்தக் கணக்கில் நான் ஆய்வாளர்கள் பக்கம். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றும் பழக்கத்தை விட்டு, இருப்பதை நீண்ட நாள் ஓட்டுங்கள் என்று அவர் சொன்னதை முழு மனசோடு ஏற்கிறேன். தினமும் ஆபீஸ் போக மின்சாரக் கார் போதும், அமைதியாகவும் இருக்கும். மனசுக்கென்று ஒன்று வேண்டுமானால் அது பழையதாக, லேசானதாக இருக்கட்டும்.

உயிராக நேசித்த வண்டியை விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுகிறீர்களா? விவரத்தாளில் குதிரைத்திறனைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு விற்பனையாளர் கூட்டிப்போகும் அகலமான நேர்ச்சாலையை மறுத்துவிட்டு, வளைவுகள் உள்ள ஒரு சாலையைக் கேளுங்கள். பாட்டை அணைத்துவிட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் விடுங்கள். விரல்களில் ஸ்டீயரிங்கின் கனம் ஏறி இறங்குவது தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தெரிந்தால், அந்தக் காரை வாங்குங்கள்.