கணக்குக் காட்டாதவருக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை குடவோலை முறையைச் சொல்பவை என்று பலரும் பள்ளியில் படித்திருப்பார்கள். ஏரிப் பாசனத்தை நம்பியுள்ள உழவர்களுக்கு அவற்றில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஏரியை யார் பொறுப்பில் விடலாம், யார் பொறுப்பில் விடக்கூடாது என்பதை ஓர் ஊர் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

வைரமேக தடாகம்

இவ்வூர்ப் பெரிய ஏரி பல்லவர் காலத்தது. கல்வெட்டுகளில் இதன் பெயர் வைரமேக தடாகம். ஏரியில் படியும் வண்டலை அகற்றுவதற்கென்று ஊர்ச் சபையிடம் பொன் ஒப்படைக்கப்பட்ட செய்தியும் கல்வெட்டில் உள்ளது. ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, தூர் எடுப்பதற்கு நிலையான முதல் வேண்டும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

ஆறு பேர் பொறுப்பு

919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாட்கள்.

தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

யாருக்கு இடமில்லை?

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவருடைய தந்தை, மகன், மருமகன், மாமனார், மைத்துனர், தாய்மாமன், அத்தை மகன் ஆகியோரும் வர முடியாது. பதவி வகித்தவர் அடுத்த மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும். பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தால் உடனே நீக்கப்படுவார்.

இந்த முறையில் குறையும் இருந்தது. உத்திரமேரூர் அன்று ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை உள்ளவர்களுக்கே குடத்தில் ஓலை உண்டு. கரைக்கு மண் சுமந்தவர்களுக்கும் வயலில் உழைத்த பெண்களுக்கும் இடமில்லை. அந்தக் குறையை விட்டுவிட்டு, கணக்குக் காட்டும் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்வதே இன்று பொருந்தும்.

இன்றைய உழவர் செய்ய வேண்டியது

தமிழகத்தில் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017 இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. சட்டமும் பணமும் வந்தாலும், வேலை நடந்ததா என்று பார்க்க வேண்டியவர்கள் ஆயக்கட்டு உழவர்களே. கடைமடை வயல்காரர்களும் பெண் உழவர்களும் கூட்டத்துக்குத் தவறாமல் வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகியவற்றை அதற்கு முன்பே சீர் செய்துவிட வேண்டும். கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தால் கரை பலவீனமாகும். ஓரிடத்தில் மட்டும் பள்ளமாகத் தோண்டினால் அங்கே தேங்கும் நீர் மதகுக்கு ஏறாது. எனவே ஏரியின் உட்பகுதியில் பரவலாகத் தூர் எடுக்க வேண்டும்.

முறையான அனுமதி பெற்று எடுக்கும் வண்டலை மணற்பாங்கான நிலத்தில் பரப்பி உழுதால் ஈரம் நிற்கும், சத்தும் சேரும். களிமண் நிலத்துக்கு இது அவ்வளவாக உதவாது. வண்டலில் உப்பு மிகுந்திருக்கிறதா என்று மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்த பிறகே வயலில் இடுவது நல்லது.

எத்தனை மீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது, எத்தனை லோடு மண் எடுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறையாவது சங்கக் கூட்டத்தில் அனைவரும் கேட்கப் படிக்க வேண்டும். உத்திரமேரூர் செல்லும் உழவர்கள் கோயில் சுவரைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், ஏரிக்கரைக்கும் ஒரு நடை சென்று வரலாம்.