ஐரோப்பாவில் உண்டு, தர்மபுரியில் இல்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? விண்டோஸ் 11 இயங்கும் லேப்டாப் என்றால் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். அதில் ஆப்ஸ், பின்னர் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். நீண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் என்ற பிரவுசரைத் தேடி, அதன் வலது பக்கம் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்யவும். மற்ற பல புரோகிராம்களுக்குக் கிடைக்கும் அன்இன்ஸ்டால் வசதி இதற்குக் கிடைக்காது.

இதே லேப்டாப்பை ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஒருவர் வாங்கினால், எட்ஜ் பிரவுசரை அவர் தாராளமாக நீக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் ஒன்றுதான். முதன்முதலில் செட்டப் செய்யும்போது "உங்கள் நாடு எது?" என்று கேட்கிறதல்லவா, அந்தப் பதிலை வைத்துத்தான் இது முடிவாகிறது. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "இந்த நாடு என்றால் பட்டனைக் காட்டு, இல்லையென்றால் மறை" என்று எழுதுவது பெரிய வித்தை அல்ல. வித்தியாசத்திற்குக் காரணம் சட்டம்.

ஐரோப்பிய யூனியன் இந்த நிறுவனத்துடன் மோதுவது புதிதல்ல. விண்டோஸுடன் மீடியா பிளேயரைச் சேர்த்துக் கட்டித் தந்தது உள்ளிட்ட காரணங்களுக்காக 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிரவுசர்களைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பலருக்குக் காட்டாமல் விட்டதற்காக 2013-ல் 56.1 கோடி யூரோ. ஒவ்வொரு முறையும் வழக்கு நடத்திக்கொண்டிருக்க முடியாது என்று, பெரிய நிறுவனங்கள் என்னென்ன செய்யக்கூடாது என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 மார்ச்சிலிருந்து அதன்படி நடந்தாக வேண்டும். எட்ஜை நீக்கும் வசதி அப்படி வந்ததுதான்.

சரி, நம் நாட்டில்? நம் ஊரில் பல வீடுகளில் கம்ப்யூட்டருக்கு முன்பே மொபைல் வந்துவிட்டது. எனவே இங்கே பெரிய வழக்கும் ஆண்ட்ராய்ட் போனைப் பற்றியதாகவே அமைந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பலத்தை வைத்துப் போட்டியை நசுக்குகின்றனவா என்று கண்காணிக்கும் அமைப்பு இந்தியப் போட்டி ஆணையம். கூகுள் பற்றித் தனி நபர்கள் மூன்று பேர் தந்த தகவலின் பேரில், 2019 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. முடிவு வந்தது 2022 அக்டோபர் 20-ல். அபராதம் 1,337.76 கோடி ரூபாய். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் ஒரு சாதாரண போன் வாங்கி, பழசாகி, எக்ஸ்சேஞ்சுக்கும் போயிருக்கும்!

செய்திகளில் கோடிகளைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அந்தப் பணம் மத்திய அரசின் நிதியில் சேரும். உங்களுக்கும் எனக்கும் அதில் சல்லிக்காசு வராது. நாம் பார்க்க வேண்டியது அபராதத்துடன் வந்த நிபந்தனைகளை. போன் தயாரிப்பவர் பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுளின் மற்ற அப்ளிகேஷன்களையும் மொத்தமாக ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. தேடுதளத்தைப் பயனாளரே தேர்ந்தெடுக்க வழி வேண்டும். முன்பே பதிந்து வரும் கூகுள் அப்ளிகேஷன்களை நீக்குவதைத் தடுக்கக்கூடாது.

கூகுள் மேல்முறையீடு செய்தது. இதனால் போன் விலை ஏறும், பாதுகாப்பு குறையும் என்பது அதன் வாதம். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தடை விதிக்க மறுத்ததும் சில மாற்றங்களை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் 29-ல் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நான்கு நிபந்தனைகளை ரத்து செய்தது. அதில் ஒன்று, அப்ளிகேஷன்களை நீக்கும் உரிமை. என்னைக் கேட்டால், சாதாரணப் பயனாளருக்கு மிகவும் தேவைப்பட்டதே அதுதான்.

பாலக்கோடு, அரூர் பக்கம் பத்தாயிரம் ரூபாய் போன் வாங்குபவரை நினைத்துப் பாருங்கள். 64 ஜிபி என்று பெட்டியில் இருக்கும். கைக்கு வரும்போதே அதில் கணிசமான பகுதி நிரம்பியிருக்கும். யூடியூப் போன்ற அப்ளிகேஷனை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால் அன்இன்ஸ்டால் இருக்காது, டிஸேபிள்தான் இருக்கும். டிஸேபிள் செய்தால் ஐகான் மறையும், பின்னணியில் இயங்காது. அப்டேட்களும் டேட்டாவும் எடுத்துக்கொண்ட இடம் திரும்பக் கிடைக்கும். போனுடன் வந்த மூல ஃபைல் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து அப்ளிகேஷன் நிறுவுவதைப் பற்றிய நிபந்தனையும் ரத்தானது. இதில் மட்டும் கூகுளின் பாதுகாப்பு வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல் அனுப்பிப் பேங்க் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் உண்டு. அப்படி வரும் எந்த ஃபைலையும் திறக்கவே வேண்டாம்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மார்ச் 1-ல், சென்னை நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய அப்ளிகேஷன்கள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. அப்ளிகேஷனுக்குள் நாம் கட்டும் சந்தாவில் கூகுள் கேட்ட 11 முதல் 26 சதவீதக் கட்டணம்தான் சண்டைக்குக் காரணம். மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வந்தன. பில்லிங் விஷயத்தில் ஆணையம் 2022-ல் தனியாக விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதம், 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது. இந்தக் கட்டணத்தைச் சில நிறுவனங்கள் நம் தலையில் வைத்துவிடுகின்றன. ஆகவே சந்தா கட்டும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் அதே நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து விலையை ஒப்பிட்டுக்கொள்ளவும்.

நம் நாட்டிலும் ஐரோப்பா போல் முன்கூட்டியே தடுக்கும் சட்டத்திற்கான வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. அது சட்டமாகும்போது பார்ப்போம். இப்போதே கையில் உள்ளவற்றைப் பயன்படுத்தலாம்.

எட்ஜை நீக்க முடியாவிட்டாலும் ஒதுக்கி வைக்கலாம். ஃபயர்ஃபாக்ஸோ வேறு பிரவுசரோ நிறுவிய பின், செட்டிங்ஸில் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் சென்று அந்தப் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து, செட் டீஃபால்ட் பட்டனை அழுத்தவும். இணையப் பக்கங்கள் அதில் திறக்கும்.

போனில் தேடுதளத்தைத் தேர்ந்தெடுக்கும் திரை, புதிய போனை முதன்முதலில் செட்டப் செய்யும்போது வரும்படி அறிவிக்கப்பட்டது. சிக்கல் என்னவென்றால், தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைகளில் போன் வாங்கினால், கடையில் இருக்கும் தம்பியே "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டி முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். நாலு வருட வழக்கில் கிடைத்த திரை நாலு நொடியில் போய்விடும்! சிம் போட்டுப் போன் வேலை செய்கிறதா என்று மட்டும் கடையில் பார்த்துவிட்டு, செட்டப்பை வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். ஏற்கெனவே முடித்துவிட்டவர்கள் குரோமில் செட்டிங்ஸ், சர்ச் எஞ்சின் சென்று மாற்றிக்கொள்ளலாம்.