காரத்: கண்டிப்பே பலம், அதுவே பலவீனம்

புது தில்லி: எழுபதுகளின் தொடக்கத்தில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக விளங்கியவர் பிரகாஷ் காரத். நெருக்கடி நிலைக் காலத்தில் தலைமறைவாகக் கட்சிப் பணியாற்றினார். கொள்கையில் தளர்வின்மையே அவரது பலம்.

2005-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலரான பின்னரும் அந்தக் கண்டிப்பு குறையவில்லை. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து, மன்மோகன் சிங் அரசுக்கு அளித்த ஆதரவை 2008 ஜூலையில் இடதுசாரிகள் விலக்கிக் கொண்டனர். மக்களவைத் தலைவர் பதவியைத் துறக்க மறுத்த சோம்நாத் சாட்டர்ஜி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

2004-ல் 43 இடங்களை வென்ற கட்சி, 2009-ல் 16 இடங்களுக்குச் சுருங்கியது. சிங்கூர், நந்திகிராம் நிலப் பிரச்சினைகளுக்கும் இத்தோல்வியில் பங்குண்டு. ஆயினும், கொள்கையைக் காத்த தலைமை, அதை நிறைவேற்றும் வலிமையைத் தில்லியில் இழந்தது என்பதே உண்மை.