மூளைக்குள் ‘சேவ்’ பட்டன் எங்கே இருக்கிறது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்து கொள்ளும் விஷயங்களில் ஒன்று, மெமரியில் இரண்டு வகை உண்டு என்பது. ராமில் இருப்பது கரண்ட் போனால் அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ சேவ் செய்தது அப்படியே இருக்கும். நம் மூளையிலும் இப்படி இரண்டு வகை நினைவு உண்டா? உண்டு என்றால், அங்கே சேவ் எப்படி நடக்கிறது? பார்ப்போம்.

சேவ் ஆகாத மனிதர்

அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய் கடுமையாக இருந்தது. 1953-ல், அவருடைய 27-வது வயதில், நோயைக் கட்டுப்படுத்த மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். இரு பக்கமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு பெரிய பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் மனதில் தங்கவில்லை.

சிறு வயது சம்பவங்கள் நினைவில் இருந்தன. ஒரு நம்பரைச் சொன்னால், மனதுக்குள் சொல்லிக் கொண்டே இருக்கும் வரை மறக்க மாட்டார். கவனம் திரும்பினால் போயிற்று. பல ஆண்டுகள் தன்னைப் பரிசோதித்த விஞ்ஞானி பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு முறையும் புதியவராகத்தான் பார்த்தார். 2008-ல் இறக்கும் வரை 55 ஆண்டுகள் இப்படியே வாழ்ந்தார். நம் பாஷையில் சொன்னால் ராம் வேலை செய்தது, பழைய பைல்கள் திறந்தன, புதிய பைல் மட்டும் சேவ் ஆகவில்லை.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக் கொண்டே ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார் மில்னர். மூன்று நாள் பயிற்சியில் ஹென்றியின் தவறுகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் அந்தப் படத்தை முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கை பழகுவது மூளையின் வேறு பகுதிகளில் பதிகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

செல்கள் பேசும் விதம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. இவற்றை நியூரான் என்பார்கள். ஒரு நியூரானுக்குள் செய்தி மின் துடிப்பாக ஓடுகிறது. ஒரு துடிப்பின் அளவு சுமார் 0.1 வோல்ட்தான். ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது முடிந்துவிடும்.

அடுத்த நியூரானுக்கும் இதற்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். பெரும்பாலான சினாப்ஸ்களில் மின் துடிப்பு நேராகத் தாண்டுவதில்லை. துடிப்பு வந்ததும் செல்லின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் வெளியாகும். அது எதிரே உள்ள செல்லில், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்தி, செய்தியைக் கொடுக்கும்.

இரண்டு செல்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகச் செயல்பட்டால் அவற்றின் இணைப்பு வலுப்படும் என்று 1949-ல் கனடாவின் டொனால்ட் ஹெப் எழுதினார். அப்போது அது கருத்தாகவே இருந்தது. 1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகேம்பஸில் வேகமான மின் துடிப்புகளைச் செலுத்தினார்கள். அந்த இணைப்புகள் பல மணி நேரம் வலுவாகவே இருந்ததைக் காட்டினார்கள். ஹென்றி இழந்த அதே பகுதிதான் இது!

நத்தை சொன்ன பாடம்

எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி இதை இன்னும் எளிய பிராணியில் ஆராய்ந்தார். அப்ளீசியா என்ற கடல் நத்தையின் உடலில் சுமார் 20,000 நியூரான்கள்தான் உள்ளன. இதைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக் கொள்ளும். வாலில் ஒரு தடவை ஷாக் கொடுத்தால், அதன் பிறகு லேசாகத் தொட்டாலும் பலமாக இழுக்கும். ஆனால் சில நிமிடங்களில் மறந்துவிடும். அதே ஷாக்கை இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தால் நாள்கணக்கில் நினைவில் வைத்திருக்கும்.

உள்ளே என்ன நடந்தது? முதல் வகையில், ஏற்கெனவே இருக்கும் சினாப்ஸில் ரசாயனம் கூடுதலாக வெளியானது, அவ்வளவுதான். இரண்டாவது வகையில் செல்லின் ஜீன்கள் விழித்துக் கொண்டன. புதிய புரதங்கள் தயாராகி, புதிய இணைப்புகளே முளைத்தன. புரதம் தயாராவதைத் தடுத்தபோது சில நிமிட நினைவு உண்டானது, நீண்ட கால நினைவு உண்டாகவில்லை. 2000-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, இந்த ஆராய்ச்சிக்காக கேண்டலும் அதில் ஒருவரானார்.

நமக்கு என்ன பயன்?

ஆக, மூளையில் தனியாக சேவ் பட்டன் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைல் எழுதப்படும்போது வயரிங் மாறுவதில்லை. மூளையிலோ வயரிங் மாறுவதுதான் சேவ். அது ஒரு கட்டட வேலை. ஒரே நாளில் முடியாது.

நீங்கள் தமிழ்99 கீபோர்டில் டைப் செய்யப் பழகுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதை விட, தினமும் இருபது நிமிடம் பழகுவது நல்லது. இடைவெளி விட்டுப் படிப்பது நன்றாகப் பதியும் என்று ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதியிருக்கிறார். இரவில் நன்றாகத் தூங்குங்கள். பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நேற்று கற்ற ஷார்ட்கட் கீ இன்று மறந்துவிட்டதா? கவலை வேண்டாம். வயதாகிவிட்டது, இனி மண்டையில் ஏறாது என்று கம்ப்யூட்டரை மூடியும் வைக்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் அதையே செய்து பாருங்கள். உள்ளே வேலை நடந்து கொண்டுதான் இருக்கிறது.