பாலைவனமும் பார்க்கலாம், கையும் கடிக்காது!

சரக்கு எடுக்க வடக்கே போகும் நம் வணிகர்களில் எத்தனை பேர் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்? ஜோத்பூரில் சீரகமும் மர சாமானும், பாலியிலும் பாலோத்ராவிலும் துணியும் கொள்முதல் செய்ததும், லாரி ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவதுதான் வழக்கம். சென்ற கார்த்திகையில் நாங்கள் நால்வர் அந்த வழக்கத்தை மாற்றி, இரண்டு நாள் ஜெய்சல்மேர் போய் வந்தோம்.

எங்களில் மூத்தவருக்கு இதில் சம்மதமே இல்லை. முப்பது வருடமாக ஊர் சுற்றுவதற்கென்று ஒருநாள்கூடக் கடையை விட்டு நகராதவர் அவர். "மணலைப் பார்க்கக் காசு கொடுப்பதா? இரண்டு நாள் வியாபாரம் போனால் யார் தருவார்?" என்று கேட்டார். செலவு கையை மீறினால் உடனே திரும்பிவிடுவது என்ற நிபந்தனையோடுதான் கிளம்பினார். அதனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைத்தோம்.

எப்போது போவது?

தார் பாலைவனத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சுகம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் புத்தாண்டுக் கூட்டத்தால் அறை வாடகை எகிறும். தீபாவளி முடிந்து பொங்கல் வியாபாரம் சூடு பிடிக்கும் முன் வரும் இடைவெளி நமக்கும் தோது, ஊரிலும் வாடகை குறைவு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. தேதியைக் குறித்து வைத்துப் பதிவு செய்தால் தட்கல் செலவு மிச்சம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 300 கிலோமீட்டர். இரவு ரயிலில் போனால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம்.

எங்கே ஏமாறுவோம்?

ரயிலடியிலேயே ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அடிமாட்டு விலைக்கு அறை என்பார்கள். உள்ளே போனதும் ஒட்டகச் சவாரியையும் கூடாரத்தையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று நெருக்குவார்கள். ஒரு தரகரிடம் நாங்களும் முன்பணம் கொடுத்து இழந்தோம். நாலு ஊர் சரக்கு பார்த்தவர்கள், ரசீது கேட்க மறந்தோம்! நீங்கள் மறக்க வேண்டாம். சவாரி, சாப்பாடு, ஜீப் எல்லாவற்றையும் தனித்தனியே விலை பேசி, எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஏறுங்கள்.

கோட்டைக்கு வெளியே தங்குவதே மலிவு. அது கோட்டைக்கும் நல்லது. குழாய்த் தண்ணீர்ப் புழக்கம் பெருகி, கசிவினால் அதன் அடித்தளம் பலவீனப்பட்டு வருகிறது.

காசில்லாமல் பார்ப்பவை

1156-ல் ராவல் ஜெய்சல் கட்டிய மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகளில் நடக்கக் கட்டணமில்லை. உள்ளே இருக்கும் சமணக் கோயில்களுக்குக் காலையில் போவது நல்லது. பெல்ட், பர்ஸ் போன்ற தோல் பொருள்களை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஊருக்கே தண்ணீர் தந்த கடிசர் ஏரிக்கரையில் விடியற்காலையில் உட்கார்ந்திருப்பதற்கு எந்த விடுதியும் ஈடில்லை.

மணல்மேடுகளுக்குப் பெயர்பெற்ற சம் என்னும் ஊர் மேற்கே 40 கிலோமீட்டர். ஜீப் வாடகையை நால்வரும் பங்கிட்டோம். வழியில், பாலிவால் மக்கள் விட்டுச்சென்ற குல்தாரா கிராமத்தையும் பார்த்தோம். கூடாரத்தில் தங்கவில்லை. அந்தியில் அரைமணி நேரம் ஒட்டகத்தில் போய், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டர் எடுக்காமல் வந்தவர் திரும்பும் வழியெல்லாம் நடுங்கினார்.

சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர் கூடும் கடையைத் தேடினோம். தால் பாட்டி, கேர் சாங்ரி. சாங்ரி என்பது நம் ஊர் வன்னி மரத்தின் காய்தான்! தண்ணீர் இல்லாத ஊரில் காய்ந்த காயை வைத்தே விருந்து படைக்கிறார்கள்.

மூத்தவரின் கணக்கு

பட்வா வணிகக் குடும்பத்தின் ஐந்து மாளிகைகளின் முன்தான் மூத்தவர் வெகுநேரம் நின்றார். முதல் மாளிகை 1805-ல் தொடங்கியது. ஜரிகை வியாபாரத்தில் சேர்ந்த செல்வம் அது. ஒட்டக வணிகக் கூட்டங்கள் கடந்துபோன பாதையில் இருந்ததால்தான் இந்த ஊர் செழித்தது. பிறகு பம்பாய்த் துறைமுகம் வளர, சரக்கு கடல் வழிக்கு மாறியது. 1947-ல் பிரிவினையோடு மேற்கே போன பாதைகளும் அடைபட்டன. ஊர் ஓய்ந்தது. பின்னாளில் அதே மணலையும் கல்லையும் காட்டியே பிழைக்கக் கற்றுக்கொண்டது.

"பாதை மாறியதற்கு இவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் மணலையே சரக்காக்கிவிட்டார்களே!" என்றார் மூத்தவர். தன் கடைத்தெருவில் புதிதாக வந்த மேம்பாலத்தால் வியாபாரம் குறைந்ததைப் பற்றி அன்றிரவு முதன்முறையாக எங்களிடம் மனம்விட்டுப் பேசினார்.

ரயிலில் கணக்கு முடித்தபோது, நாங்கள் ஒதுக்கியிருந்த தொகையில் கொஞ்சம் மீந்திருந்தது. பங்கு பிரிக்கப் போனோம். மூத்தவர் தடுத்துவிட்டார். "அது அப்படியே இருக்கட்டும். அடுத்த கார்த்திகைக்கு முன்பணம். வீட்டம்மாவையும் கூட்டிவருகிறேன்" என்றார்.

கொள்முதலுக்குக் கிளம்பும் உறுப்பினர்களே, திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கடை அங்கேயேதான் இருக்கும்.